கோழிக்கூட்டிலும் கூரையிலும் எலி: மருந்து வைத்தும் ஏன் குறையவில்லை?

மலேசியாவின் சிலாங்கூரிலிருந்து வந்த கேள்வி இது: "பத்தாங் பெர்ஜுந்தையில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டி வீடு. பின்னால் 20 கம்பத்துக் கோழிகள் (நாட்டுக்கோழிகள்). மூன்று மாதத்தில் 11 குஞ்சு போய்விட்டது. ராத்திரியானால் கூரையில் ஒரே ஓட்டம். நீலக் கட்டி மருந்து நான்கு பாக்கெட் வைத்தாயிற்று, குறைந்த மாதிரியே தெரியவில்லை. வேறு எந்த மருந்து வாங்குவது?"

மருந்தை மாற்றி இது தீராது. எலி உங்கள் வீட்டுக்கு வருவது கோழித் தீனிக்கு. குஞ்சும் முட்டையும் வந்த இடத்தில் கிடைக்கிற உபரி. ராத்திரி தீனி கிடைக்கிறவரை எந்த மருந்தும் பாதி வேலைதான் செய்யும். ஒரு எலி ஒரு நாளைக்கு 15 முதல் 25 கிராம் தின்னும். பத்து எலி இருந்தால் ஏறக்குறைய 200 கிராம், அதாவது இரண்டு கோழியின் தீனி. தின்பதைவிட அதன்மேல் மூத்திரம் பெய்து கெடுப்பது இன்னும் அதிகம். தட்டு நிறைய குருணையும் சோளமும் இருக்கும்போது பக்கத்தில் கிடக்கும் புதுப் பொருளான மருந்துக் கட்டியை எலி ஏன் தொட வேண்டும்? எலிக்குப் புதுப் பொருள் என்றாலே சந்தேகம். இரண்டு மூன்று நாள் சுற்றிச் சுற்றிப் போய்விட்டுத்தான் வாய் வைக்கும். சுண்டெலி அப்படியல்ல, புதிதாக எதை வைத்தாலும் உடனே வந்து முகர்ந்து பார்க்கும்.

இன்னொரு காரணம் தோட்டம். செம்பனை மரத்தின் கொண்டையிலும், வெட்டி அடுக்கிய மட்டைக் குவியலிலும் காட்டெலி நிறைய வாழ்கிறது. நீங்கள் பத்தைக் கொன்றால் அந்த இடத்துக்கு வரிசை காத்திருக்கிறது. பழைய மரத்தைச் சாய்த்து மறுநடவு செய்யும் காலத்தில் ஓரத்து வீடுகளுக்கு வரத்து திடீரென்று கூடும். போதாக்குறைக்கு ஒரு பெண் எலி மூன்று வாரம் சினையாக இருந்து ஆறு, எட்டு என்று போடும், அந்தக் குட்டிகள் மூன்று மாதத்தில் தாயாகிவிடும். ஆகவே "எத்தனை செத்தது" என்ற கணக்கை விடுங்கள். எத்தனை எலிக்கு உங்கள் வளாகம் சோறு போடுகிறது என்பதுதான் கணக்கு.

முதலில் ஆளை அடையாளம் பாருங்கள். புழுக்கையே சொல்லிவிடும். அரிசி அளவில் இருபக்கமும் கூராக, 3 முதல் 6 மில்லிமீட்டர் என்றால் சுண்டெலி. 12 மில்லிமீட்டர் அளவில் கொஞ்சம் வளைந்து முனை கூராக இருந்தால் கூரையில் ஓடும் வீட்டெலி. 18, 20 மில்லிமீட்டருக்கு மொத்தையாக, முனை மழுங்கி இருந்தால் லோங்காங்கில் (சாக்கடையில்) வாழும் பெரிய எலி. வீட்டெலியின் வால் உடம்பைவிட நீளம், கயிற்றிலும் மின்கம்பியிலும் நடக்கும். லோங்காங் எலியின் வால் உடம்பைவிடக் குட்டை, அது மண்ணைத் தோண்டும். தோட்டத்திலிருந்து வரும் காட்டெலிக்கு வயிறு வெள்ளையாக இருக்கும். நீண்ட கூர்மூக்கோடு, சுவரோரமாகக் கீச்சிட்டுக்கொண்டு, நாற்றத்தோடு ஓடுவது மூஞ்சூறு. அது எலியே அல்ல. கரப்பானும் பூச்சியும் தின்கிறது, மரத்தைக் கடித்து ஓட்டை போடாது. பிறந்த அன்றோ மறுநாளோ இருக்கும் குஞ்சை அது கடிக்கக்கூடும் என்பதால் கூட்டுக்குள் விடாதீர்கள், மற்றபடி அதைத் தேடிப்போய்க் கொல்ல வேண்டியதில்லை.

11 குஞ்சையும் எலிதான் கொண்டுபோனது என்று முடிவு கட்டிவிடவும் வேண்டாம். எலி என்றால் ராத்திரியில் போகும். பலகை இடுக்கிலோ வளை வாயிலோ பாதி தின்ற உடலும் இறகும் கிடக்கும். உருட்டிப்போன முட்டையின் ஓடு துண்டு துண்டாகக் கிடக்கும். ஒரு தடயமும் இல்லாமல், ஒரே ராத்திரியில் இரண்டு மூன்று காணாமல் போனால் பாம்பை நினையுங்கள். பாம்பு முட்டையை ஓட்டோடு விழுங்கும். பெரிய கோழியின் தலையோ கழுத்தோ கடிபட்டுக் கிடந்தால் முசாங் (மரநாய்). பட்டப்பகலில் போனால் காக்கை, பருந்து, உடும்பு. சந்தேகமாக இருந்தால் சாயங்காலம் கூட்டைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குக் கோதுமை மாவைச் சல்லடையில் மெல்லிசாகத் தூவுங்கள். காலையில் பார்த்தால் எலி என்றால் சின்னச் சின்னக் கால்தடத்துக்கு நடுவில் வால் இழுபட்ட கோடு தெரியும். எந்தப் பக்கத்திலிருந்து வந்து எந்த இடுக்கில் நுழைந்தது என்பதையும் அதே மாவு காட்டிக்கொடுக்கும். இதற்கு ஐந்து வெள்ளிகூட ஆகாது, கேமரா வாங்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

இப்போது தீனி. ஒரு கம்பத்துக் கோழிக்கு நாளைக்கு ஏறக்குறைய 100 கிராம், உங்கள் இருபதுக்கும் 2 கிலோ. ஒரு முறை கண்ணால் மதிப்பிடாமல் தராசில் வைத்து நிறுத்துப் பாருங்கள். அநேகமாக நீங்கள் போடுவது 3 கிலோவுக்கு மேல் இருக்கும், மிச்சம் எலிக்கு. காலையில் 1 கிலோ, சாயங்காலம் ஐந்தரைக்கு 1 கிலோ. ஆறே முக்காலுக்கு, இருட்டுவதற்கு முன், மிச்சத்தோடு தட்டை எடுத்துவிடுங்கள். கோழி இருட்டில் தின்னாது, குஞ்சும் தின்னாது, ராத்திரி தட்டு காலியாக இருப்பதால் அவை பட்டினி கிடப்பதில்லை. தண்ணீர்க் கிண்ணத்தையும் கவிழ்த்து வையுங்கள், விடிந்ததும் நிரப்பினால் போதும். மண்ணில் வாரி இறைத்துத் தீனி போடுவதுதான் பல வீடுகளில் மூல காரணம். கோழி பொறுக்காமல் விட்ட குருணை ராத்திரி முழுக்க அங்கேயே கிடக்கிறது. தட்டுக்குக் கீழே ஒரு பழைய தகரத்தையோ சிமெண்ட் பலகையையோ போட்டால் சிந்தியதைப் பெருக்கி எடுக்க முடியும்.

தீனி மூட்டையைச் சாக்கோடு வைக்கக் கூடாது. பிளாஸ்டிக் வாளியும் உதவாது, விளிம்பு கிடைத்தால் ஒரே ராத்திரியில் கடித்துவிடும். மூடி இறுகப் பிடிக்கும் இரும்பு டிரம் வேண்டும். சமையல் எண்ணெய் இருந்த சுத்தமான டிரம்மைக் கழுவிக் காயவைத்துப் பயன்படுத்தலாம், பூச்சி மருந்தோ ரசாயனமோ இருந்த டிரம் வேண்டவே வேண்டாம். டிரம்மைச் செங்கல்மேல் ஏற்றி, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தால் பின்னால் கூடு கட்ட இடம் இருக்காது.

தீனிக்கு அடுத்தது கூடு. தவறு நடப்பது பெரும்பாலும் வலையில். அறுகோணக் கண் உள்ள சாதாரணக் கோழி வலை, கோழி வெளியே போகாமல் இருக்க மட்டுமே. ஒரு அங்குலக் கண்ணில் எலிக்குட்டி அப்படியே நுழையும், பெரிய எலி அந்த மெல்லிய கம்பியைக் கடித்தே அறுக்கும். வேண்டியது வெல்டிங் செய்த சதுரக் கம்பி வலை. கண் 12 மில்லிமீட்டர், அதாவது அரை அங்குலம், கம்பித் தடிமன் 1 மில்லிமீட்டருக்குக் குறையாமல். சுண்டெலித் தொல்லையும் இருந்தால் 6 மில்லிமீட்டர் கண், ஏனென்றால் பென்சில் நுழையும் சந்தில் சுண்டெலி நுழைந்துவிடும். ஹார்ட்வேர் கடையில் கேட்கும்போது, வெல்டிங் செய்த பிறகு துத்தநாகம் பூசியதா, முன்பே பூசியதா என்று கேளுங்கள். முன்பே பூசிய வலையில் ஒட்டிய இடங்களில் பூச்சு எரிந்துபோயிருக்கும். நம் மழைக்கும் கோழி எச்சத்துக்கும் முதலில் துரு பிடிப்பது அந்த இடங்கள்தான்.

வலையைச் சட்டத்தின் வெளிப்பக்கம் வைத்து, வாஷர் போட்ட ஸ்குரூவால் 10 சென்டிமீட்டருக்கு ஒன்று என்று முடுக்குங்கள். ஸ்டேப்ளர் முள் மட்டும் அடித்தால் ஒரு மூலையை நெம்பித் திறந்துகொள்ளும். அடியில் தோண்டி வருவதைத் தடுக்க, கூட்டைச் சுற்றி 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வலையை இறக்கி, அடியில் இன்னொரு 30 சென்டிமீட்டரை வெளிப்பக்கமாக மடித்துப் புதையுங்கள். தோண்டி வரும் எலி வலையில் முட்டியதும் அதே இடத்தில் இன்னும் ஆழமாகத் தோண்டும். பின்னால் நகர்ந்து புதிதாகத் தொடங்க வேண்டும் என்று அதற்குத் தோன்றாது. வெளிப்பக்க மடிப்பு வேலை செய்வது இதனால்தான், உள்பக்கம் மடித்தால் வீண். மண் கெட்டியாக இருந்து தோண்ட முடியாவிட்டால் தரைமேலேயே 60 சென்டிமீட்டர் அகலத்துக்கு வலையை விரித்து, ஓரத்தைச் சுவரோடு கட்டி, முளை அடித்து மேலே மண் போட்டுவிடலாம்.

கதவுக்கு அடியில் விடும் சந்து இன்னொரு வாசல். இரண்டு விரல் நுழைந்தால் எலி நுழையும். கீழ்க்கட்டைக்குத் தகரத் துண்டு அறைந்து, சந்து 6 மில்லிமீட்டருக்குள் இருக்கும்படி பாருங்கள். பலரும் கவனிக்காதது தகரக் கூரை. நெளித்தகடு உத்தரத்தின்மேல் உட்காரும் இடத்தில் ஒவ்வொரு அலைக்கும் அடியில் ஒரு பொந்து இருக்கும். நான்கு பக்கமும் வலை அடித்துவிட்டு இந்த இருபது முப்பது பொந்தையும் திறந்து விட்டால் செய்த செலவெல்லாம் பாழ். மிஞ்சிய வலையை நீளத் துண்டுகளாக வெட்டிச் சுருட்டி ஒவ்வொன்றிலும் திணித்து அடையுங்கள்.

கால் வைத்த கூடாக இருந்தால் தரையிலிருந்து 45 சென்டிமீட்டராவது உயரம் வேண்டும், அடியில் பொருள் எதுவும் போடக் கூடாது. எலி நின்ற இடத்திலிருந்து முக்கால் மீட்டர்வரை எகிறும். ஆகவே காலில் தகரக் கூம்பு மாட்டுவதானால் அது 90 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும், குட்டைக் காலில் மாட்டிப் பயனில்லை. பக்கத்து ரம்புத்தான், மாங்கிளை எல்லாம் கூரையிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி இருக்கும்படி வெட்டுங்கள். கூட்டைச் சுற்றி ஒரு மீட்டருக்குப் புல், மட்டை, சாய்த்து வைத்த பழைய தகரம், விறகு எதுவும் இருக்கக் கூடாது. வெட்டவெளியைக் கடக்க எலிக்குப் பயம். இந்த ஒரு மீட்டர் மொட்டைத் தரை, காசில்லாமல் கிடைக்கும் காவல்.

வீட்டுக்கு வருவோம். பழைய தோட்ட வீடுகளிலும் அதைத் தொடர்ந்து கட்டிய வீடுகளிலும் பாதி கல், மேலே பலகை, தகரக் கூரை. நுழைவிடம் பெரும்பாலும் மூன்று: கூரை அலைப் பொந்து, சமையலறைத் தொட்டிக் குழாய் சுவரைத் துளைத்துப் போகும் ஓட்டை, வாஷிங் மெஷின் தண்ணீர் லோங்காங்கில் விழும் குழாய் வாய். குழாய் ஓட்டையில் இரும்பு நாரை இறுக்கித் திணித்து மேலே சிமெண்ட் பூசுங்கள். நுரை அடிக்கும் டப்பா வாங்க வேண்டாம், அதை எலி ரொட்டி மாதிரிக் கடித்துப் போகும். குழாய் வாய்க்கு வலைத் துண்டை மாட்டி, வாரம் ஒரு முறை முடியும் நூலும் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் எதிர்த்து வரும்.

அடைக்கும் வரிசை முக்கியம். எல்லா ஓட்டையையும் ஒரே நாளில் அடைத்தால் உள்ளே இருப்பது சிக்கிக்கொள்ளும். சீலிங்குக்குள் செத்து நாறும், அல்லது வெளியேற மின்வயரைக்கூடக் கடிக்கும். ஆகவே முதலில் உள்ளே பொறி வையுங்கள். அதிகம் பயன்படும் ஒரு வழியை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அடையுங்கள். தொடர்ந்து நான்கு ராத்திரி கூரையில் சத்தமும் இல்லை, பொறியிலும் எதுவும் இல்லை என்றால் கடைசி ஓட்டையை மூடுங்கள்.

சாமி மேடையையும் பாருங்கள். விளக்கில் மிஞ்சிய நெய்யும் எண்ணெய் குடித்த திரியும் எலிக்குப் பிடித்தமானவை. எரியும் திரியையே இழுத்துக்கொண்டு ஓடித் தீப்பிடிக்கும் அபாயம் பலகை வீட்டில் சும்மா ஒதுக்கக்கூடியது அல்ல. படுக்கப் போகும்முன் விளக்கைக் குளிரவைத்து, படைத்த பழத்தையும் தேங்காய் மூடியையும் எடுத்துவிடுங்கள். பூனைக்கு ராத்திரி வைக்கும் சோறும் இதே கணக்கில்தான்.

பொறியில் நான் பரிந்துரைப்பது அடித்துக் கொல்லும் ஸ்பிரிங் பொறி. ஒன்று இரண்டு வைத்துக் காத்திருப்பது வீண். பன்னிரண்டு பொறி, நான்கைந்து ராத்திரி என்பதே சரி. முதல் மூன்று நாள் இரையை மட்டும் வைத்து, பொறியை ஏற்றாமல் விடுங்கள். தின்று பழகிய பிறகு ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் ஏற்றுங்கள். சுவருக்குச் செங்குத்தாக, இரை இருக்கும் முனை சுவரைத் தொடும்படி வைக்க வேண்டும். எலி மீசை சுவரில் உரசியபடி ஓடுவதால் நடுத்தரையில் வைத்த பொறிக்கு வராது. எண்ணெய்க் கறை படிந்த கறுப்புத் தடம் சுவரிலோ உத்தரத்திலோ தெரிந்தால் அதுதான் அதன் ரோடு. வீட்டெலிக்கு உத்தரத்தின்மேலேயே பொறியை ஆணி அடித்துப் பொருத்துங்கள்.

இரைக்கு வறுத்த நெத்திலி, சுட்ட தேங்காய்த் துண்டு, வேர்க்கடலை வெண்ணெய். நெத்திலியை நூலால் பொறியின் இரைத்தட்டில் இரண்டு சுற்றுக் கட்டுங்கள். கட்டாவிட்டால் நைசாக உருவிக்கொண்டு போய்விடும், இழுத்தால்தான் பொறி விழும். தீனிக் கூடம் பக்கத்தில் இருக்கும்போது தானியத்தை இரையாக வைக்காதீர்கள், அங்கே இல்லாத சுவையை வையுங்கள். குஞ்சு நடமாடும் இடத்தில் பொறியைப் பெட்டிக்குள் வைத்தாலும் ஆபத்துதான், எலி நுழையும் 6 சென்டிமீட்டர் துளையில் குஞ்சும் நுழையும். அங்கே பொறி வலைக்கு வெளியே மட்டும், மேலே கூடை கவிழ்த்து.

பசை அட்டை வேண்டாம். எலி மணிக்கணக்காகத் துடிக்கும், பல்லியும் குஞ்சும் அதே அட்டையில் ஒட்டும், கோழிக்கூட்டுத் தூசியில் பசை இரண்டே நாளில் செத்துவிடும். தவறிக் குஞ்சு ஒட்டிக்கொண்டால் இழுக்காமல் சமையல் எண்ணெய் ஊற்றி மெல்லத் தளர்த்துங்கள். மின்சாரத்தில் சத்தம் எழுப்பும் கருவி, நாப்தலின் உருண்டை, புதினா எண்ணெய் எல்லாம் காசுக்குக் கேடு. பிடித்த எலியைச் செம்பனை ஓரத்தில் கொண்டுபோய் விடுவதும் பயனற்றது.

மருந்து கடைசியில்தான். பாக்கெட்டில் என்ன மருந்து என்று எழுதியிருப்பதைப் படியுங்கள். வார்ஃபரின் என்றால் பல நாள் தொடர்ந்து தின்றால்தான் கொல்லும். தோட்டங்களில் நெடுங்காலம் இதையே போட்டதால் இதற்கு அசையாத எலிகள் 1980களிலேயே மலேசியாவில் தெரியவந்தன. புரோமாடியோலோன், புரோடிஃபாகம் இரண்டும் அடுத்த தலைமுறை மருந்துகள். 0.005 விழுக்காடு போதும், ஒரு வேளைத் தீனியே கொல்லலாம். ஆனால் சாவு மூன்று நாளிலிருந்து ஒரு வாரம் கழித்து வரும். "வைத்தேன், சாகவில்லை" என்று இரண்டாம் நாளே கைவிடுவதும், தீர்ந்ததை நிரப்பாமல் விடுவதும் வழக்கமாக நடக்கும் தவறு. மழையில் நனைந்து பூசணம் பூத்த கட்டியையும் தொடாது.

இந்த இரண்டு மருந்தும் தின்ற எலியின் உடம்பில் தங்கும். அந்தத் தள்ளாடும் எலியைப் பூனை, நாய், ஆந்தை தின்றால் அவற்றுக்கும் விஷம். கோழி சுண்டெலியைக் கொத்தி விழுங்கும் என்பதை மறக்காதீர்கள், அந்த விஷம் முட்டையிலும் வரும். அப்படி ஒரு கோழி தின்றது தெரிந்தால் அதன் முட்டையும் கறியும் வேண்டாம், கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். முறிமருந்து கே1 வைட்டமின் அவரிடம் உண்டு. ஆகவே கட்டியைப் பூட்டும் பெட்டிக்குள், கம்பியில் கோத்து, கூட்டு வேலிக்கு வெளியே மட்டும் வையுங்கள். இரண்டு வாரம் காலை மாலை சுற்றிப் பார்த்துச் செத்ததைக் கையுறையோடு எடுத்து, இரண்டு பையில் கட்டி, முழங்கால் ஆழத்துக்குமேல் புதையுங்கள். கறுப்புப் பொடியான சிங்க் பாஸ்பைடுக்கு முறிமருந்தே கிடையாது, வயிற்றில் நச்சு வாயுவாக மாறும். பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்கும் பெயரில்லாத பொட்டலத்தையும், சோற்றில் பூச்சி மருந்து கலப்பதையும் தொடவே தொடாதீர்கள். 1974ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவெண் அச்சிட்ட உறைதான் வாங்க வேண்டும். பிள்ளைகளும் கோழியும் நடமாடும் முற்றத்தில் அதற்கு மிஞ்சிப் போவது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதைதான்.

தோட்டத்தில் மரப்பெட்டி வைத்துக் கூகை வளர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள், 5 முதல் 10 ஹெக்டருக்கு ஒரு பெட்டி என்பது வழக்கம். வெள்ளை முகத்தோடு ராத்திரி அலறும் அந்த ஆந்தையை அபசகுனம் என்று கல்லெறிந்து விரட்டுகிறார்கள். அது எலியைத் தின்றே பிழைக்கும் பறவை. ராத்திரி மூடிய கூட்டில் இருக்கும் உங்கள் கோழியை அது ஒன்றும் செய்யாது. நீங்கள் வைக்கும் மருந்து அதையும் கொல்லக்கூடும், இதை உண்மையிலேயே மனத்தில் வையுங்கள். பூனை சுண்டெலியையும் எலிக்குட்டியையும் பிடிக்கும், முழு வளர்ந்த எலியிடம் அநேகமாகப் போகாது. எலி பெருத்த இடத்துக்கு நாகமும் மலைப்பாம்பும் தேடி வரும். விறகுக் குவியலுக்குள் கையை நுழைக்காமல் கோலால் தட்டிவிட்டு எடுங்கள். பாம்பைக் கண்டால் 999க்கு அழையுங்கள், பொம்பாவோ (தீயணைப்புப் படை) பொதுத் தற்காப்புப் படையோ வந்து பிடிப்பார்கள்.

சுத்தம் செய்யும்போது காய்ந்த புழுக்கையைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். ஒரு பங்கு குளோரக்ஸ் பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து நனைத்து, பத்து நிமிடம் விட்டு, துணியால் அள்ளுங்கள். கோழிகளை வெளியே விட்டபின் செய்யுங்கள், ஈரமான எச்சத்தோடு சேர்ந்தால் மூக்கை எரிக்கும் வாயு வரும், ஆகவே எச்சத்தை முதலில் வாரிவிடுங்கள். ரப்பர் பூட்ஸ், கையுறை கட்டாயம். வெறுங்காலோடு கூட்டையும் லோங்காங்கையும் கழுவுவதில்தான் 'கென்சிங் திக்குஸ்' காய்ச்சல் வருகிறது. எலி மூத்திரத்தில் உள்ள லெப்டோஸ்பைரா கிருமி, காலில் இருக்கும் சிறு வெடிப்பு வழியாகவே உள்ளே போகும். 2010 முதல் இது மலேசியாவில் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய். கழுவிய ஒன்று, இரண்டு வாரத்தில், சில நேரம் ஒரு மாதம் கழித்தும், காய்ச்சலோடு கெண்டைக்கால் கடுமையாக வலித்து, கண் சிவந்தால் டெங்கி என்று எண்ணி வீட்டில் இருக்காதீர்கள். கிளினிக்கில் "வீட்டில் எலி இருக்கிறது, கோழிக்கூடு கழுவினேன்" என்று நீங்களே முந்திச் சொல்ல வேண்டும். சிறுநீர் குறைவதும் கண் மஞ்சளாவதும் தெரிந்தால் கிளினிக் வேண்டாம், நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

இந்த வாரம் தொடங்குவதானால் முதல் நாள் டிரம் வாங்குங்கள், அன்று சாயங்காலமே தட்டை எடுங்கள். சனி, ஞாயிறில் வலை. தட்டு எடுத்த நான்காம் ராத்திரி இரையோடு ஏற்றாத பொறி, ஏழாம் ராத்திரி ஏற்றுங்கள். பக்கத்து வீட்டிலும் கோழி இருந்தால் அவர்களையும் அதே வாரம் தட்டை எடுக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் எலி வேலியைத் தாண்டிப் போய்ச் சாப்பிட்டுவிட்டு உங்கள் கூரைக்குத் தூங்க வரும். பிறகு மாதம் ஒரு முறை மாவு தூவிப் பாருங்கள். தடம் தெரிந்த இடத்தில் வலையைக் கையால் அழுத்தித் துருவைத் தேடுங்கள்.